ஃபுட்பால் டர்ஃப் ஓனர் சாருக்கு, புதன்கிழமை ஒன்பது மணி ஸ்லாட்காரன் எழுதுற புகார்

ஓனர் சார், வணக்கம்.

ஆப்ல ஸ்டார் போடுற இடத்துல நாலு வரி எழுதினேன், அதுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் விளையாட வாருங்கள்"னு ஒரு ரிப்ளை வந்துச்சு, அதுவும் அனுப்பின அதே நிமிஷத்துல. மிஷின் கிட்ட பேசி பிரயோஜனம் இல்லைன்னு தான் உங்க மெயில் ஐடியை மேனேஜர் கிட்ட கெஞ்சி வாங்கி நேரா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

நான் யாருன்னா, மணி கணக்குல நீங்க வாடகைக்கு விடுற டர்ஃப் கிரவுண்டுல புதன் ராத்திரி 9 டு 10 ஸ்லாட். பத்து ஸ்லாட் பேக் எடுத்தவன். மணிக்கு 1,400 ரூபா, நாங்க பதினாலு பேர், தலைக்கு நூறு. எல்லாருக்கும் நாற்பதை ஒட்டின வயசு, முட்டிக்கு கேப் போட்டுக்கிட்டு ஆடுற கோஷ்டி. அது இல்லாம என் பொண்ணு சனிக்கிழமை காலையில ஏழு மணி கோச்சிங்குக்கு உங்க கிட்ட தான் வருது. அதாவது உங்களுக்கு நான் ரெண்டு வகையில கஸ்டமர். இந்த கஸ்டமர்ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல தான் பிரச்சனையே இருக்கு.

முதல்ல டைம் விஷயம். 8 டு 9 ஸ்லாட்ல ஆடுற பசங்க ஒன்பது ஆனாலும் வெளிய வர மாட்டாங்க. நாங்க கேட் கிட்ட ஷூ லேஸ் எல்லாம் கட்டி, வார்ம் அப் பண்ணி, அந்த வார்ம் அப்பும் ஆறி போய் நிக்கிறோம், உள்ள ஒருத்தன் கையை தூக்கி "அண்ணா லாஸ்ட் கோல் வின்ஸ் ணா, ரெண்டே நிமிஷம்"ங்கிறான். அந்த லாஸ்ட் கோல் விழவே விழாது சார். விழக்கூடாதுன்னு தான் ரெண்டு டீமும் ஆடுதுன்னு எனக்கு சந்தேகம். அடுத்த கோல் போட்டவன் ஜெயிச்சான்னு ஆட்டத்தை முடிக்கிற கோல்டன் கோலை ஃபிஃபாவே 2004ல தூக்கி போட்டுடுச்சு, உங்க டர்ஃப்ல மட்டும் அது ஜம்முன்னு இருக்கு.

எங்க கோல் கீப்பர் தொழில்ல ஆடிட்டர், அவனுக்கு கணக்கு எழுதலைன்னா தூக்கம் வராது. இதுவரைக்கும் முடிஞ்ச ஆறு ஸ்லாட்ல நாங்க உள்ள போன நேரத்தை ஃபோன்ல எழுதி வச்சிருக்கான், 7 நிமிஷம், 9, 6, 11, 8, 10. மொத்தம் 51 நிமிஷம் லேட்டு. முடியுறது மட்டும் லேட்டா? அது கரெக்டா பத்து அடிக்கும்போது லைட் ஆஃப். போன வாரம் பந்து காத்துல இருக்கும்போது ஆஃப் பண்ணிட்டாரு உங்க ஆளு, அது கோலா இல்லையான்னு இன்னும் குரூப்ல சண்டை ஓடுது.

கேட்டா மேனேஜர் தம்பி சொல்றாரு, "ஃபுட்பால்னா அஞ்சு பத்து நிமிஷம் முன்ன பின்ன இருக்கும் சார்". முன்ன பின்ன இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா அது போன நேரத்தை திருப்பி குடுக்கறதுக்கு இருக்குற வழக்கம். 2022ல கத்தார்ல இங்கிலாந்து ஈரான் மேட்ச்ல ஈரான் கீப்பருக்கு அடிபட்டு ஆட்டம் நின்னுச்சு, ஃபர்ஸ்ட் ஹாஃப்க்கு மட்டும் 14 நிமிஷம் சேர்த்து குடுத்தாங்க. நீங்க எங்க கிட்டேர்ந்து எடுத்து எட்டு மணிக்காரனுக்கு குடுக்கறீங்க.

சரி அந்த பசங்க கிட்ட நீங்க சொல்லக்கூடாதான்னா, தம்பி தலையை சொறிஞ்சுக்கிட்டு, "அவங்களும் கஸ்டமர் தானே சார், எப்படி சார் சொல்றது". இந்த ஒரு டயலாக்கை இதுவரை எத்தனை தடவை கேட்டிருக்கேன்னு கீப்பர் மட்டும் எழுதி வைக்கலை.

அடுத்து எச்சில். எழுதவே கூச்சமா இருக்கு ஆனா எழுதி தான் ஆகணும். டிவில ஆடுறவன் எல்லாம் துப்புறான்னு இங்க இருக்குறவனும் பத்து அடி ஓடினா ஒரு தடவை துப்புறான். மண் கிரவுண்டா இருந்தா மண்ணு குடிச்சிடும், வெயில் காய்ச்சிடும். இது பிளாஸ்டிக் புல்லு சார், கீழ ரப்பர் தூளும் மணலும் கொட்டி வச்சிருக்கீங்க, யாராவது தண்ணி அடிச்சு கழுவுற வரைக்கும் அது அங்கேயே தான் கிடக்கும். போன மாசம் ஒரு சனிக்கிழமை கோச் பசங்களை எல்லாம் உக்கார வச்சு ஸ்ட்ரெச்சிங் சொல்லி குடுக்கறாரு, என் பொண்ணு கையை பின்னாடி ஊனி உக்காந்துச்சு, எடுத்து பார்த்தா உள்ளங்கை பூரா சிவப்பு. ரத்தம்னு நினைச்சு நான் வெளிய இருந்து ஓடி வர்றேன், பாக்கு எச்சி. அதோட அந்த கருப்பு ரப்பர் தூள் வேற ஒட்டிக்கிட்டு. வாஷ் பேசின்ல கழுவலாம்னு போனா ஹேண்ட் வாஷ் பாட்டில்ல தண்ணி ஊத்தி கலக்கி வச்சிருக்கீங்க. வீட்டுக்கு வந்து என் மனைவி மூணு தடவை சோப்பு போட்டு கழுவி விட்டுட்டு என்னை பார்த்த பார்வை இருக்கே, அதுக்கும் உங்க மேல தான் புகார் வைக்கணும்.

அதே சனிக்கிழமை கதை இன்னொண்ணு. ஆறு மணி ஸ்லாட்ல பெரிய பசங்க ஆடுறாங்க, அவங்களும் ஏழுக்கு முடிக்க மாட்டாங்க, வரிசையா பத்து பன்னிரண்டு குட்டி பசங்க ஓரமா நிக்குது, உள்ள ஒரு பாஸ் மிஸ் ஆனா அம்மா அக்கா எல்லாரையும் இழுத்து ஒரே அர்ச்சனை. பைக்ல திரும்பும்போது பொண்ணு கேக்குது, அப்பா அந்த அண்ணா இன்னொரு அண்ணாவை ஒண்ணு சொல்லி கூப்பிட்டாரே, அப்டீன்னா என்னன்னு. டிராஃபிக்ல எனக்கு வேற எதுவும் தோணலை, அது ஃபுட்பால்ல ஒரு பொசிஷன்மான்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் அது கோச் கிட்ட போய் நான் இன்னைக்கு அந்த பொசிஷன்ல ஆடட்டுமான்னு கேட்டுருக்கு. கோச் இன்னைக்கு வரைக்கும் என் கிட்ட சரியா முகம் குடுத்து பேசறதில்லை.

நான் ஒண்ணும் ஆட்டத்துக்கு எதிரி இல்லை சார். வடசென்னைல பொறந்து வளர்ந்தவன், அந்த பக்கம் ஃபுட்பால் எப்படின்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், வியாசர்பாடியை குட்டி பிரேசில்னு பேப்பர்ல எழுதுவாங்க. எங்க தெரு கிரவுண்டுல நெட் கிடையாது, லைட் கிடையாது, கோல் போஸ்டுக்கு பதிலா ரெண்டு செங்கல். ஆனா ஒரு அண்ணன் இருந்தாரு, ஃபிட்டர் வேலை, சாயந்திரம் ஷிஃப்ட் முடிச்சு நேரா கிரவுண்டுக்கு தான் வருவாரு, கழுத்துல ஒரு விசில் தொங்கும். வாய் தப்பா பேசினா ஒரு ஊது, வெளிய உக்காரு. யாரா இருந்தாலும் சரி, பந்து வாங்கி குடுத்தவனா இருந்தாலும் சரி. நாங்க யாருமே அவருக்கு பைசா குடுத்ததில்லை, அதனால தானோ என்னமோ அவர் யாரையும் பார்த்து பயந்ததும் இல்லை. 1,400 வாங்குற இடத்துல அந்த மாதிரி ஒரு ஆள் இல்லைங்கிறது தான் எனக்கு புரியவே மாட்டேங்குது.

இப்ப இருக்குற பசங்க கொண்டாட்டம் வேற. கோல் போட்டா "சியூ"ன்னு கத்தி குதிக்கணும், ரொனால்டோ 2013லேர்ந்து பண்றாரு, சரி அவர் போடுற கோலுக்கு அவர் குதிக்கலாம். இவன் எட்டடி தூரத்துல காலியா கிடக்குற போஸ்ட்ல தட்டி விட்டுட்டு ஊரே எழுந்திருக்கிற மாதிரி கத்துறான். அடுத்து மெஸ்ஸி ஜெர்சி போட்டவன் உங்க ரொனால்டோ கிட்ட வேர்ல்ட் கப்பு எங்க கப்பு எங்கன்னு ஆரம்பிப்பான், அது கைகலப்பு வரைக்கும் போய் எங்க ஸ்லாட்ல இன்னும் நாலு நிமிஷம் காலி. ஒரு நாள் கேட்டேன், தம்பி 2018ல நம்ம நாட்டு லீக் ஐஎஸ்எல் ஃபைனல்ல பெங்களூருக்கே போய் 3-2ன்னு அடிச்சு கப்பு தூக்கினோமே, நம்ம சென்னையின் டீமுக்கு தலையால முட்டி ரெண்டு கோல் போட்டது யாருன்னு தெரியுமான்னு. அதெல்லாம் யாரு ணா பாக்கறாங்கன்னுட்டான். மெயில்சன் ஆல்வஸ் சார், கோல் விழாம தடுக்க வேண்டிய டிஃபெண்டர். பெரியமேடு நேரு ஸ்டேடியம் அரை மணி நேரத்துல போயிடலாம், போக மாட்டாங்க, ஸ்பெயின்ல இருக்குற மாட்ரிட் டீமுக்காக இங்க சட்டையை பிடிச்சுப்பாங்க. இது புகார் இல்லை, வயித்தெரிச்சல், விடுங்க.

பார்க்கிங். இதுல நாங்களும் குற்றவாளி, மறைக்கலை. உங்க இடத்துல எட்டு பைக் தான் நிக்கும், ஒரு ஸ்லாட்டுக்கு பதினாலு பேர், முன்னாடி ஸ்லாட்காரன் பதினாலு பேர், அப்ப மீதி வண்டி எங்க போகும், எதிர் வீட்டு கேட் முன்னாடி தான். அந்த வீட்டம்மா "வண்டி நிறுத்தாதீர்"னு அட்டைல எழுதி தொங்க விட்டாங்க, அது மேலயே யாரோ டீம் பிரிக்க சட்டை மேல மாட்டுற பிப் பனியனை வேர்வையோட காயப்போட்டுட்டு போயிட்டான். ரெண்டு வாரம் முன்னாடி நாங்க முடிச்சுட்டு வெளிய வந்தா அவங்க நைட்டி மேல துண்டை போட்டுக்கிட்டு கேட் கிட்ட நிக்கிறாங்க. "ஏம்பா, பந்து வெளாடுற புள்ளைங்கன்னு நெனச்சேன், உங்களுக்கெல்லாம் நாப்பது வயசு இருக்கும் போலருக்கே"ன்னாங்க. செருப்பால அடிச்சிருந்தா கூட தேவலை. அவங்க வீட்டுக்காரர் மாத்திரை போட்டுட்டு தூங்குறவராம், அவசரம்னா ஆட்டோ எடுக்க கூட வழி இல்லைன்னு சொல்லும்போது நான் எங்க கோஷ்டி வண்டி ரெண்டை தள்ளிக்கிட்டே சாரி மா சாரி மான்னு சொன்னேன், மூணாவது வண்டி எங்களோடது இல்லை, லாக் பண்ணியிருந்துச்சு, நாலு பேர் சேர்ந்து தூக்கி வச்சோம். உங்க வாட்ச்மேன் அப்பவும் சேர்ல உக்காந்து ரீல்ஸ் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

இப்ப இந்த லெட்டர் அவசரமா எழுத காரணம் உங்க கேட்ல ஒட்டின போஸ்டர். ஜூன் 11லேர்ந்து வேர்ல்ட் கப், பெரிய ஸ்க்ரீன், டிஜே, ஃபுட் ஸ்டால், எல்லா மேட்ச்சும் லைவ்னு போட்டிருக்கீங்க. சார், இந்த தடவை 48 டீம், 104 மேட்ச், நடக்குறது அமெரிக்கா கனடா மெக்சிகோல. முதல் மேட்ச்சே நம்ம டைம்ல நடுராத்திரி பன்னிரண்டரை, ஃபைனலும் அதே பன்னிரண்டரை, நடுவுல விடியக்காலை மேட்ச் எத்தனையோ. ஒரு மாசத்துக்கு மேல அந்த தெரு தூங்க வேண்டாமா? பத்து மணியிலேர்ந்து காலை ஆறு வரைக்கும் வெட்டவெளில ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000ல வந்த சத்த கட்டுப்பாட்டு விதிலயே இருக்கு, குடியிருப்பு ஏரியான்னா ராத்திரி அளவு 45 டெசிபல் தான், உங்க சியூ பசங்க ரெண்டு பேர் போதும் அதை தாண்ட. அந்த பத்து மணி ரூலை காட்டி தானே பந்து காத்துல இருக்கும்போது எங்களுக்கு லைட்டை அணைக்கிறீங்க?

போன தடவை 2022 ஃபைனலுக்கு நானும் உங்க கிட்ட 300 ரூபா டிக்கெட் எடுத்து தான் வந்தேன். எட்டரைக்கு ஆரம்பிச்ச மேட்ச், ஃபிரான்ஸ் எம்பாப்பே மூணு அடிச்சு 3-3, பெனால்டில அர்ஜென்டினா ஜெயிக்கும்போது பதினொண்ணரை கிட்ட ஆயிடுச்சு, நல்ல மேட்ச், உயிர் போய் உயிர் வந்துச்சு. ஆனா முன்னாடி வரிசை மொத்தமும் சேர் மேல ஏறி நின்னதால பெனால்டில பாதியை நான் ஒருத்தனோட முதுகுல எழுதியிருந்த 10 நம்பரை பார்த்தே தான் ரசிச்சேன். அப்புறம் பட்டாசு. அப்புறம் தெரு பூரா பேப்பர் பிளேட்டு, பாட்டில், வாட்டர் பாக்கெட். ஜப்பான்காரன் ஸ்டேடியத்தை கூட்டி பெருக்குற வீடியோவை அந்த வேர்ல்ட் கப் பூரா எங்க குரூப்ல ஃபார்வேர்ட் பண்ணிக்கிட்டே இருந்த நண்பன் ஒருத்தன், அவனே தான் ஜூஸ் பாட்டிலை அந்தம்மா வீட்டு காம்பவுண்டுக்குள்ள வீசினான். நான் பார்த்தேன். ஒண்ணும் சொல்லலை, நானும் மேனேஜர் தம்பி மாதிரி தான் போல.

அதனால நான் கேக்குறது இது தான். எங்களுக்கு போன 51 நிமிஷத்துக்கு ஆடிட்டர் கணக்கு படி 1,190 ரூபா வருது, அதை பணமா வேண்டாம், சேர்த்து ஒரு ஸ்லாட்டா குடுத்தா போதும். ஸ்லாட் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது யாராவது ஒருத்தர் விசில் ஊதணும், ஒன்பதுன்னா ஒன்பது. சனிக்கிழமை காலையில பசங்க வர்றதுக்கு முன்னாடி டர்ஃபை தண்ணி அடிச்சு கழுவுங்க, துப்புறவனை வெளிய அனுப்புங்க, ரெண்டு பேரை அனுப்பினா மூணாவது ஆள் தானா முழுங்கிடுவான். கேட் முன்னாடி வண்டி நிறுத்தாம பாக்க வாட்ச்மேன் கிட்ட சொல்லுங்க, எங்க வண்டியா இருந்தாலும் காத்தை பிடுங்கி விட சொல்லுங்க. வேர்ல்ட் கப்பை மூடின ஹால் எதையாவது வாடகைக்கு பிடிச்சு போடுங்க, டிக்கெட் நானே பத்து வித்து தர்றேன். இதெல்லாம் ஆகாதுன்னா மிச்சம் இருக்குற நாலு ஸ்லாட் காசு 5,600ஐ திருப்பி போட்டுடுங்க, ஜிபே நம்பர் உங்க ஆப்ல இருக்கு.

இந்த புதன்கிழமை 8:55க்கு வந்துடுவோம். விசில் நானே வாங்கிட்டு வர்றேன், ஊதுறதுக்கு ஆள் மட்டும் நீங்க குடுங்க.

இப்படிக்கு,
புதன் 9 டு 10 ஸ்லாட்

பி.கு.: எதிர் வீட்டு மொட்டை மாடில நம்ம டர்ஃப் பந்து மூணு கிடக்கு, சைட் நெட் கிழிஞ்ச ஓட்டை வழியா போனது. அந்தம்மா எடுத்து பத்திரமா வச்சிருக்காங்களாம், ஓனர் நேர்ல வந்து கேட்டா தான் தருவாங்களாம். பழம் கிழம் ஏதாவது வாங்கிட்டு போங்க.