அரட்டையின் போக்கைப் படிக்கும் கருவி தமிழுக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக வலைதளங்களில் குழந்தைகளைக் குறிவைப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, கெட்ட வார்த்தைகளை வடிகட்டினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதவே போதாது. வலை விரிக்கிறவன் எடுத்த எடுப்பில் ஆபாசமாகப் பேசுவதில்லை. "டிபி சூப்பர்" என்பான். "வீட்ல திட்டுனாங்களா? என்கிட்ட சொல்லு" என்பான். அப்புறம், "உன் ஃபோனை அம்மா பார்ப்பாங்களா?", "இது நமக்குள்ள இருக்கட்டும்", "வேற ஆப்புக்கு வா". தனித்தனியாக எந்த வரியிலும் தப்பு தெரியாது. வரிசையாகப் படித்தால்தான் நெஞ்சு பதறும்.

மொழி ஆய்வு படிப்பது இந்த வரிசையைத்தான். பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் நூரியா லொரென்சோ-டஸ் குழுவினர் இத்தகைய உரையாடல்களை ஆராய்ந்து, நம்பிக்கை சம்பாதிப்பது, வீட்டாரிடமிருந்து பிரிப்பது, குழந்தை எதுவரை இணங்கும் என்று சோதிப்பது போன்ற உத்திகளை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் அறிவித்த 'ப்ராஜெக்ட் ஆர்ட்டெமிஸ்' என்ற கருவி அரட்டைக்குச் சந்தேக மதிப்பெண் போடும். அது கூடினால் மனிதர் ஒருவர் எடுத்துப் பார்ப்பார். 2009இல் வந்த ஃபோட்டோடிஎன்ஏ என்ற கருவியோ, குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களில் ஏற்கெனவே பதிவானவற்றைத்தான் கண்டுபிடிக்கும். அதற்குள் கொடுமை நடந்து முடிந்திருக்கும்.

நம் பிள்ளைகளோ தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஒரே சொல்லை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள், நடுவில் வாய்ஸ் மெசேஜ் வேறு. ஆங்கில உரையாடலில் பழகிய கருவி இங்கே என்ன செய்யும்? குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு இணைய உறவுக்கு இழுப்பதே குற்றம் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு. சட்டம் இருக்கிறது, முன்கூட்டியே கண்டுபிடிக்க வழிதான் இல்லை.

குரோம்பேட்டை ஏயூ-கேபிசி ஆய்வு மையம் போல, தமிழ்க் கணினி மொழியியலில் பல ஆண்டு அனுபவம் உள்ள இடங்கள் நம்மிடமே உண்டு. வழக்குகளில் கைப்பற்றப்பட்ட அரட்டைகளை, பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கி, நீதிமன்ற அனுமதியோடு ஆய்வாளர்களுக்குத் தரக் காவல்துறை முன்வர வேண்டும். போக்சோ சட்டம் குழந்தையின் அடையாளத்தைக் காக்கச் சொல்வதால் இதில் துளியும் அலட்சியம் கூடாது. எல்லார் வீட்டு அரட்டையையும் அரசு ஒட்டுக்கேட்பதற்கு இது சாக்காகவும் ஆகிவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒன்று. இப்படி ஒரு அரட்டையைப் பார்த்ததும் பயத்தில், அவமானத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பிள்ளையைத் திட்டாமல், ஃபோனை அப்படியே வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
கரூர்.