அயர்லாந்தின் கார்லோவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சங்கத் தேர்தலில் தோற்ற விஷயத்தை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். ஏர்போர்ட்டுக்குப் போய் நீ கூட்டி வந்த பிள்ளைகள், வாடகை வீடு பார்த்துக் கொடுத்த பிள்ளைகள், அவர்களே ஓட்டுப் போடவில்லை என்று அழுதாய். அந்த நேரத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. நீ வேலை பார்க்கும் அதே கார்லோ மாவட்டத்தில் இந்த வலியைப் பட்ட ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவரைப் பற்றி எழுதினால் எனக்கும் மனது சற்றுத் தெளியும்.

பெயர் ஆர்தர் மக்மரோ கவனா. 1831-இல் போரிஸ் ஊர் மாளிகையில் பிறந்தவர். அயர்லாந்தில் லென்ஸ்டர் பகுதியை ஆண்ட பழைய மன்னர்களின் வம்சம். பிறக்கும்போதே கைகால்கள் வளராமல் குறையாக நின்றுவிட்டன. தாயார் ஹாரியட் சீமாட்டி பிள்ளையை மூலையில் உட்கார வைக்கவில்லை. தனியாகச் செய்த சேணத்தில் வாரால் கட்டிக் குதிரை ஏற்றினார்கள். மீன்பிடிப்பு, வேட்டை, ஓவியம் எல்லாம் பழகினார். ஊர்ப் பெண்களுக்கு வருமானம் கிடைக்க லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அந்தத் தாயார்தான். போரிஸ் லேஸ் என்று இன்றும் அதற்குப் பெயர்.

1849-இல் அண்ணன் தாமஸுடன் ஊரைவிட்டுக் கிளம்பி ரஷ்யா, பாரசீகம் வழியாக நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தார். அண்ணன் இறந்துபோக, கையில் காசில்லாமல் நின்றவர் ஔரங்காபாத் பக்கம் குதிரையில் அரசாங்கத் தபால் சுமந்தார். பிறகு பூனா நில அளவைத் துறையில் வேலை. இதைப் படித்தபோது எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது, கண்ணு. காலமெல்லாம் வரப்பில் நில அளவைச் சங்கிலி பிடித்தவன் நான். அந்த வெயிலில் அந்த உடம்போடு எப்படி வேலை பார்த்திருப்பார் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

1853-இல் இன்னொரு அண்ணனும் போய்விட, பண்ணை முழுவதும் இவர் பொறுப்புக்கு வந்தது. இடிந்து கிடந்த குடியானவர் வீடுகளைத் தானே வரைபடம் போட்டுப் புதிதாகக் கட்டினார். ரயில் பாதை வர முன்னின்று பாடுபட்டார். மாளிகை முற்றத்தில் ஓர் ஓக் மரம். அதன் அடியில் உட்கார்ந்து குத்தகைக்காரர்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்து வைப்பார். 1866-இல் வெக்ஸ்ஃபோர்டிலிருந்தும், 1868-இல் கார்லோவிலிருந்தும் லண்டன் நாடாளுமன்றத்துக்குக் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஆனார். அவை இருக்கை வரை அவரைச் சுமந்துபோக ஒரு வேலையாள் இருந்தார்.

1872 வரைக்கும் அங்கே ரகசிய வாக்கு கிடையாது. யாருக்கு ஓட்டு என்பதைக் குத்தகைக்காரன் எல்லார் முன்பும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பண்ணைக்காரருக்குத் தெரியாமல் போகாது. அந்த வருடம் சட்டம் மாறியது. அதன் பிறகும் 1874-இல் கவனா ஜெயித்தார் என்பதை மறக்காதே. ஜனங்களுக்கு அவர்மேல் மதிப்பு இல்லாமல் இல்லை.

பிறகு 1879-இல் மழை கெடுத்த விளைச்சல். உருளைக்கிழங்கு அழுகியது; குத்தகை கட்ட முடியாதவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அந்த அக்டோபரில், குத்தகைக்காரர்களுக்காகப் போராடிய நிலக் கழகம் பிறந்தது. தலைவர் பார்னெல்; அவரும் பக்கத்து விக்லோ மாவட்டத்து நிலச்சுவான்தார்தான். 1880 தேர்தலில் கார்லோவின் இரண்டு இடங்களையும், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட சுயாட்சிக் கட்சி வென்றது. கவனா தோற்றார். ஓட்டுப் போடுவதாகச் சொன்ன தன் ஆட்களில் பலரே சொன்ன சொல் தவறிவிட்டார்கள் என்று மனம் நொந்துபோனார்.

இங்கேதான் நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். கட்டிக் கொடுத்த வீடும் தீர்த்த வழக்கும் அவருடைய நல்ல மனது. ஆனால் அந்தக் குடியானவன் கையில் என்ன காகிதம் இருந்தது? நாளை பண்ணை வேறொருவர் கைக்குப் போனால் அவன் கதி என்ன? பட்டா இல்லாமல் பரம்பரையாக உழுதவர்களை நான் அளவைக்குப் போன ஊர்களில் எல்லாம் கண்டிருக்கிறேன். முதலாளி தங்கமானவர் என்றுதான் சொல்வார்கள், சொல்லிக்கொண்டே மனுவும் கொடுப்பார்கள். அதில் நன்றிகெட்டதனம் எதையும் நான் பார்க்கவில்லை. கார்லோக்காரர்கள் கவனாவை வெறுத்து ஓட்டுப் போட்டார்கள் என்று நான் நம்பவில்லை. நியாயமான குத்தகை வேண்டும், நிலத்திலிருந்து விரட்டாத உறுதி வேண்டும் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள்.

அதன் பிறகு அவர் எடுத்த முடிவு எனக்கு வருத்தம். அதே வருடம் நிலச் சட்டத்தை ஆராய அமைத்த பெஸ்பரோ குழுவின் ஐந்து பேரில் அவரும் ஒருவர். மற்றவர்கள் குத்தகைக்காரர்களுக்கு உரிமை தரச் சொன்னபோது இவர் மறுத்துத் தனி அறிக்கை கொடுத்தார். 1881-இல் சட்டம் எப்படியும் வந்தது. அடுத்த வருடம், ஆட்களை வெளியேற்றிக் காலியான நிலங்களை எடுத்துப் பயிர் செய்ய நிலச்சுவான்தார்களுக்காக ஒரு கம்பெனி தொடங்குவதில் முன்நின்றார். 1870-இல் குத்தகைக்காரர்களுக்கு ஓரளவு பாதுகாப்புத் தர பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த நிலச் சட்டத்தை ஆதரித்த அதே மனிதர்! புண்பட்ட மனம்தான் அவரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. 1889 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் காலமானார்.

உன் சங்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நீ செய்யாத எது தேவைப்பட்டது என்று ஒருமுறை அவர்களையே கேள். டியூட்டி நேரமா, விசாவா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளா, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தாக வேண்டும். கோபத்தில் வாட்ஸ்அப் குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். திரும்பச் சேர்ந்துகொள். ஜெயித்த பெண்ணை இந்த வாரமே கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா