தொப்பூர் இறக்கத்தில் நின்ற வண்டி

தருமபுரி,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கன்னியாகுமரி வரை போய்விட்டு நீங்கள் நால்வரும் நல்லபடியாகப் பெங்களூர் திரும்பிவிட்ட செய்தியை அம்மா சொன்னாள். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகளைப் பார்க்கப் போய்விடுவாய் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். அன்று தொப்பூர் கணவாயில் உங்கள் வாடகை வேன் பிரேக் பிடிக்காமல் நின்றபோது, மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்ல மனம் வராமல் நான் விழுங்கிவிட்ட ஒரு பேச்சு இருக்கிறது. தீபாவளி விடுமுறையில் மறுபடியும் அதே போன்ற கேரவன் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கோவா போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அது நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீ போன் செய்ததும் பக்கத்து வீட்டுக் காரில் வந்து சேர்ந்தேன் அல்லவா? இரட்டைப் பாலத்துக்குச் சற்று மேலே, சாலையின் இடது ஓரத்தில் வேன் நின்றிருந்தது. முன்சக்கரத்திலிருந்து இன்னும் லேசாகப் புகை வந்தது. பிரேக் லைனிங் கருகிய வாடை தூரத்திலேயே மூக்கில் ஏறியது. மாப்பிள்ளை சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். பின்பக்கக் கட்டிலில் சின்னவள் ஒரு கால் போர்வைக்கு வெளியே தொங்க அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவன் ஜன்னலோரத்தில் படம் வரைந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் ஒரு லாரி பக்கத்தில் கடந்து போனது. அது தள்ளிவிட்டுப் போன காற்றில் வேன் முழுதும் ஒருமுறை ஆடி நின்றது. தொங்கிய அந்தக் காலில் கொலுசு சலங்கை மெல்ல ஒலித்தது. "தூங்கட்டும்பா, வெயிலில் எதற்கு இறக்குவது என்று விட்டுவிட்டோம்" என்றாய் நீ. நான் பதில் பேசாமல் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தடுப்புக்கு அப்பால் போய் நின்றேன்.

கண்ணு, நின்றுபோன வண்டிக்குள் பிள்ளைகளை இனி ஒருநாளும் உட்கார வைக்காதே. அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான். அந்தக் கட்டிலுக்கும் சாலைக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரமும் ஒரு மெத்தையும்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிற லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்கள் வேனைப் பார்த்து, நிற்கிறது என்று புரிந்துகொண்டு, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் நாற்பது மீட்டர் போயிருக்கும். அதுவும் பிரேக் பிடித்தால்தான். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு வருகிறவர்களும், மேலிருந்தே மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறிப்போய் வருகிறவர்களும் அந்த இறக்கத்தில் தினமும் உண்டு. பிரேக் இல்லை என்று தெரிந்த லாரிக்காரர் ஒதுங்க இடம் தேடுவது இடது ஓரத்தில்தான். நாம் இளைப்பாற நிறுத்துகிற ஓரம் அவருக்குக் கடைசிப் புகலிடம். 2024 ஜனவரியில் இதே பாலத்தில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்து நான்கு பேர் மாண்டதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். உன்னை இறங்கு என்று அன்று அவசரப்படுத்தியபோது என் கண்ணில் நின்றது அதுதான்.

நான் பஸ் பணிமனையில் இருந்த காலத்தில், வழியில் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்க நாங்கள் போய்ச் சேரும்போது கண்டக்டர் பயணிகளை எல்லாம் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி, வண்டிக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாக நிறுத்தி வைத்திருப்பார். முன்பக்கம் நிற்கக் கூடாது. பின்னாலிருந்து எதுவும் மோதினால் நிற்கிற வண்டி முன்னால் இருப்பவர்கள் மேல்தான் வந்து விழும். இறங்கும்போதும் இடது பக்கக் கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆட்கள் பத்திரமான பிறகுதான் என்ன கோளாறு என்ற பேச்சே எடுப்போம். நீங்கள் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டிருந்தது சரி, ஆனால் எச்சரிக்கை முக்கோணம் பெட்டியிலேயே கிடந்தது. அதை வண்டியிலிருந்து ஐம்பது அறுபது தப்படியாவது பின்னால் வைக்க வேண்டும். வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பே தெரிகிற மாதிரி இன்னும் தள்ளி வைக்க வேண்டும். சிலர் கல்லை வரிசையாக வைத்துவிட்டு, வண்டி சரியானதும் அப்படியே விட்டுப் போய்விடுகிறார்கள். இரவில் இருசக்கர வண்டியில் வருகிறவன் அதில் ஏறி விழுகிறான். நீங்கள் கல் வைத்தால் மறக்காமல் எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான 1033 எண்ணுக்கு நான் வந்துதான் போன் செய்தேன்; எனக்கு முன்பே அதற்குச் சொல்லியிருந்தால் ரோந்து வண்டி இன்னும் முன்னதாக வந்து கூம்புகளை வைத்திருக்கும். அழைக்கும்போது பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊர் நோக்கிப் போகிற பக்கம் என்பதையும் சொன்னால் அவர்கள் தேட வேண்டியிருக்காது.

பிரேக் ஏன் அப்படி ஆனது என்று மாப்பிள்ளை என்னிடம் இரண்டு முறை கேட்டார். அதில் பாதிப் பங்கு என்னுடையது. காலையில் நீங்கள் கிளம்பும்போது, வழியில் தண்ணீருக்கு அலைய வேண்டாமே என்று 100 லிட்டர் தொட்டியை வாய்வரை நிரப்பியது நான். அதுவே 100 கிலோ. காவேரிப்பட்டணத்திலிருந்து வரவழைத்த செந்தூரா மாம்பழப் பெட்டிகள் இரண்டு, அம்மா கட்டிக்கொடுத்த அரிசி பருப்பு மூட்டை, ஏற்கெனவே உள்ளே இருக்கிற அடுப்பு, பிரிட்ஜ், கட்டில் எல்லாம் சேர்ந்த பாரத்தோடு அந்த வண்டி கணவாயில் இறங்கியது. மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டிய பழக்கம். ஐந்தாவது கியரிலேயே விட்டு, பிரேக் மேல் வைத்த காலை எடுக்காமல் வந்திருக்கிறார். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது எங்கள் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே மிதித்து எடுத்தால் போதும். மிதித்தபடியே வந்தால் அத்தனை சூடும் சக்கரத்தில் இறங்கி, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 4 என்கிற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும். நாளாகி ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 155 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். தொப்பூர் பட்டறையில் திறந்து பார்த்தபோது உங்கள் வேனின் ஆயில் கருங்காப்பி நிறத்தில் இருந்தது; பிரேக் பேடு கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது.

ஒன்றை மட்டும் மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். பெடல் உள்ளே போன அந்த நொடியில் பதறாமல், என்ஜினை அணைக்காமல், கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தாரே, அது பழகிய ஓட்டுநர்களுக்கே எளிதில் வராது. என்ஜினை அணைத்திருந்தால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவ உறிஞ்சலும் தீர்ந்து, ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகியிருக்கும். நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவரை நான் போனிலேயே தடுத்தது ஏன் என்றால், காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும். தானாக ஆறுகிற வரை பொறுக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கையும் நம்பி நிறுத்தக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும்.

கோவாவுக்கு எந்த வழியில் போனாலும் கடைசியில் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். கர்நாடகத்தில் எல்லாப்பூரிலிருந்து அங்கோலாவுக்கு இறங்கும் அரபைல் பாதையும் லாரிகள் நிறைந்த நீண்ட இறக்கம்தான். வேனை எடுப்பதற்கு முன் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேள்; இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஸ்டெப்னியிலும் அதைப் பார். ஓடும்போது தொட்டியில் இருபது லிட்டர் போதும், தங்குகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

அம்மா உனக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள். புளியமரக் கட்டையில் ஆப்பு வடிவில் இரண்டு செதுக்கி, இழுத்து எடுக்க வசதியாகக் கயிறும் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் சித்தப்பா பெங்களூர் வரும்போது முறுக்கோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், சட்டென்று கை எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். கட்டை போடும் வேலையைப் பெரியவனிடம் கொடுத்துவிடாதே, அது உன் வேலை. சின்னவளைத் தூக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்ட மாப்பிள்ளை இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா