ஒரே மாடல் எண்ணில் இரண்டு வேறு ஆம்ப்ளிஃபையர்கள்: புகார்

அனுப்புநர்:
மைக் செட் உரிமையாளர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மாடல் எண்ணை மாற்றாமல் உள்ளமைப்பை மாற்றி விற்றது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2017-இல் உங்கள் இரண்டு சேனல் பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கினேன். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று இத்தனை வருடம் ஓடியும் என் பெயரைக் கெடுக்காத செட். அந்த நம்பிக்கையில் போன ஆனி மாதம் அதே மாடல் எண்ணைச் சொல்லி இன்னொன்று வாங்கினேன். முன்பக்கத் தகடு, பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர், கையேடு எல்லாம் அச்சு அசல் பழையதுதான். தூக்கும்போது மட்டும் பாதி எடைகூட இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆடியில் மாரியம்மன் கோயில் நாடகம். மேடைக்கு இடப்பக்கம் பழைய செட், வலப்பக்கம் புதியது. இரண்டிலும் வால்யூம் முழுக்கத் திறந்திருந்தது. மிக்ஸரிலிருந்து போனதும் ஒரே சிக்னல். ராஜபார்ட் பாட ஆரம்பித்ததும் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சனம் எழுந்து இடப்பக்கம் நகர்கிறது! ஒயரை மாற்றினேன், பாக்ஸை மாற்றினேன், மிக்ஸரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பழைய செட்டைக் குறைத்து, காதால் கேட்டுச் சமன் செய்தேன். அந்தக் குறையை ஈடுகட்ட மிக்ஸரை ஏற்றினால் அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. நள்ளிரவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினோம். வோல்டேஜ் இறங்கியபோது பழைய செட் சற்று மங்கினாலும் பாடிக்கொண்டே இருந்தது. புதியது பட்டென்று நின்றுவிட்டது. விழாக் குழுவினர் பேசிய வாடகையில் 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மெக்கானிக் கடையில் இரண்டையும் திறந்தோம். (வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்று பதில் எழுத வேண்டாம். கிழித்தது நான்தான்.) பழையதில் வடை மாதிரி வட்ட டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க்கில் வரிசையாக 5200, 1943 டிரான்சிஸ்டர்கள். புதியதில் எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஸ்விட்ச் செய்து இயங்கும், எடை குறைந்த பவர் சப்ளை), கூடவே கிளாஸ் டி போர்டு (டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து சிக்னலைப் பெருக்கும் வகை). அளந்து பார்த்தால் பழையது சிக்னலை 40 மடங்கு பெருக்குகிறது, புதியது 20 மடங்குதான். அதே சிக்னலுக்கு ஸ்பீக்கரில் பாதி வோல்டேஜ், அதாவது கால்வாசி பவர். உங்கள் கையேட்டிலோ இன்னமும் 40 மடங்கு என்றே அச்சாகியிருக்கிறது. எத்தனை வோல்ட்டுக்குக் கீழே செட் நின்றுவிடும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பி, "அது இம்ப்ரூவ்டு மாடல் சார்" என்றார். இருக்கட்டும். கிளாஸ் டி சூடாவது குறைவு, கரண்ட் மிச்சம். செட் தூக்கும் என் பையன்களும் உங்களை வாழ்த்துகிறார்கள். நீங்கள் மாற்றியதைக் குறை சொல்ல வரவில்லை, மாற்றியதைச் சொல்லாமல் விட்டதைத்தான் கேட்கிறேன். எங்கள் மெக்கானிக் பழைய செட் பைத்தியம். இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த 405 ஆம்ப்ளிஃபையரை 1982-இல் திருத்தியபோது, 405-2 என்று பெயரையும் திருத்தியது என்கிறார். 1978-இல் வந்த நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஆம்ப்ளிஃபையருக்கும் பிறகு 3020ஏ, 3020பி என்று எழுத்து சேர்ந்ததாம். ஒரு எழுத்தை ஸ்டிக்கரில் கூட்டி அடிக்க உங்களுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? அந்த ஒரு எழுத்து இருந்திருந்தால் இரண்டையும் ஒரே மேடையில் போட்டிருக்கவே மாட்டேன்.

இன்னொன்று. பழைய செட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் உள்ளூரிலேயே ஜோடி மாற்றி அன்று மாலையே கச்சேரிக்குப் போய்விடுவோம். புதியதில் எல்லாம் பொடிப் பொடிச் சாமான். போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்த போர்டு திருச்சியில் கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்று டீலருக்கே தெரியவில்லை.

ஆகவே, புதிய செட்டின் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, கையேட்டில் உள்ளபடி 40 மடங்காக உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். முடியாதென்றால் செட்டை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பிடித்தம் போன 2,000 ரூபாயும் சேர வேண்டும். கையேட்டைத் திருத்தி, இனி விற்பவற்றில் பதிப்பு எண் அச்சிடுங்கள்.

பில் நகலும் இரண்டு செட்டின் உள்பக்கப் படங்களும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஆவணியில் மூன்று கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். அதுவரை வலப்பக்கத்துக்கு வாடகை செட்தான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்