கந்தோரில விசர் பிடிக்குது எண்டு சொன்ன தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உம்மட குரல் பதிவைக் கேட்டன். கவுண்டரில முட்டி நிக்கிற சனம், மேசைக்கு வாற முறைப்பாட்டுப் பைல், இரவிலயும் விடாத கந்தோர் வட்ஸ்அப் குழு எண்டு எல்லாத்தையும் சொல்லியிருக்கிறீர். பேரைச் சொல்லாமல், எல்லாரும் வாசிக்கிற மாதிரி இதை எழுதுறன். யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில உம்மைப்போல இன்னும் கன பேர் இருக்கினம்.

"நான் பலவீனமான ஆள் அக்கா, எனக்கு இந்த வேலை சரிவராது" எண்டு முடிச்சிருக்கிறீர். பலவீனமோ இல்லையோ, அதைப் பற்றிக் கதைச்சு ஒரு பிரயோசனமும் இல்லை. அதை எண்ண ஏலாது, அளக்க ஏலாது, நாளைக்கு விடிய எழும்பி மாத்தவும் ஏலாது. விடிய எட்டரையில இருந்து நாலேகால் வரைக்கும் நீர் என்னென்ன செய்யிறீர் எண்டதை எண்ணலாம். பிறகு வீட்டை வந்து என்ன செய்யிறீர் எண்டதையும் எண்ணலாம். எனக்கு அதுதான் வேணும்.

மூச்சை இழுத்து விடு, நல்லதை நினை, கோயிலுக்குப் போ எண்டு எல்லாரும் சொல்லியிருப்பினம். ஒண்டும் கெடுதல் இல்லை. ஆனால் கொடுப்பனவு ஏன் நிண்டது எண்டு கேட்டு சனம் கவுண்டரில முட்டி நிக்கேக்க எந்த மூச்சை இழுக்கிறது?

ஒரு சின்னக் கொப்பி எடும். பக்கத்தை மூண்டாப் பிரியும். முதல்ல, என்ன நடந்தது. நடுவில, நான் என்ன செய்தன். கடைசியில, அதுக்குப் பிறகு உடன என்ன வந்தது. இது நடத்தை உளவியல்காரர் தங்கட ஆய்வுக்கு வைச்சிருக்கிற முறை. உம்மைப் பற்றி நீரே எழுதலாம். "டென்ஷனா இருந்தது" எண்டு எழுதாதையும். நேரத்தோட, வெளியில நிண்டு பார்க்கிற ஒராளுக்கும் தெரியிற மாதிரி எழுதும்.

நீர் சொன்னதிலயே ஒண்டை எடுத்துப் பாப்பம். முறைப்பாட்டுக் கடிதம் இருக்கிற பைல் மேசைக்கு வருது. நெஞ்சு படபடக்குது. நீர் அதை அடியில தள்ளிப்போட்டு, தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போறீர். உடன என்ன வருது? ஆறுதல். படபடப்பு அடங்குது. கொப்பியில இந்த மூண்டாவது நிரலைத்தான் வடிவாப் பாக்க வேணும். ஆக்கள் "நான் சோம்பேறி" எண்டு நினைப்பினம். உண்மை என்னவெண்டால், பைலைத் தள்ளின ஒவ்வொரு தரமும் உமக்கு ஒரு சம்பளம் கிடைச்சிருக்கு. பிடிக்காத ஒண்டு விலகிறதால ஒரு செயல் பலக்கிறதை எதிர்மறை மீளவலியுறுத்தல் எண்டு சொல்லுவினம். தண்டனை எண்டு பிழையா விளங்கிக்கொள்ளாதையும், இது அதுக்கு நேர் எதிர். தள்ளிப்போடுற பழக்கம் இப்பிடித்தான் வளருது. அடியில கிடக்கிற பைலோ, அடகு வட்டி மாதிரி தன்பாட்டில ஏறிக்கொண்டு போகும்.

இரவில கந்தோர் வட்ஸ்அப் குழுவைத் திரும்பத் திரும்பப் பாக்கிறதும் அதே குடும்பம்தான். கன தரம் ஒண்டும் இராது, "அப்பாடா" எண்டிருக்கும். ஒருக்கா "நாளை காலை 9 மணிக்கு முன் தரவு அனுப்பவும்" எண்டு கிடக்கும். நல்லகாலம் பாத்தன் எண்டு நினைப்பீர். எப்ப கிடைக்கும் எண்டு தெரியாமல் இடைக்கிடை கிடைக்கிற பலன்தான் ஒரு பழக்கத்தை லேசில விடாது. பெஸ்டர், ஸ்கின்னர் எண்ட ரெண்டு அமெரிக்க நடத்தை உளவியல்காரர் 1957இல இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டவை. அவை பாத்தது கூடுதலாப் புறாக்களை, ஆனால் எங்கட கைவிரல் அதைவிடப் பெரிசா வித்தியாசம் இல்லை.

எழுதத் தொடங்கின உடனயே சில பழக்கம் குறையும். தன்னைத்தானே கண்காணிச்சாலே நடத்தை கொஞ்சம் மாறும், அது தெரிஞ்ச விஷயம். அந்தச் சந்தோசத்தில கொப்பியை மூடிப்போடாதையும். அந்த மாற்றம் கனகாலம் நிக்கிறேல்லை.

பிறகு என்ன செய்யிறது? மனத்தை உறுதியாக்கிற வேலை வேண்டாம், சுத்தியிருக்கிறதை மாத்தும். ஸ்கின்னர் 1953இலயே சொன்னது இதுதான்: இன்னொராளின்ர நடத்தையை எப்பிடி மாத்துவமோ, அப்பிடித்தான் எங்கட நடத்தையையும், அதுக்குக் காரணமா இருக்கிறதுகளை மாத்தி மாத்த வேணும். அந்த மனுசன் தன்ர மேசை விளக்கோட ஒரு மணிக்கூட்டை இணைச்சு வைச்சிருந்தவர். விளக்கு எரிஞ்சால் மணிக்கூடு ஓடும். எழுதின நேரத்தைக் கூட்டி வரைபு கீறினவர். எனக்கு இது கொஞ்சம் கூடிப்போன மாதிரித்தான் கிடக்கு. எண்டாலும் தனக்கே பொய் சொல்ல ஏலாது, பாரும்.

உமக்கு இவ்வளவு போதும். தேத்தண்ணியைப் பைலுக்குப் பின்னால வையும். கவுண்டர் திறக்க முதல் அந்தப் பொல்லாத பைலை எடுத்து, அடுத்தது என்ன செய்ய வேணும் எண்டு ஒரு வரி மட்டும் துண்டில எழுதி மேல குத்தும். முடிக்க வேண்டாம். பிறகு போய்த் தேத்தண்ணி குடியும். ஆறுதல் இப்ப பைலைத் தொட்டதுக்குக் கிடைக்குது.

போனுக்கு இஸ்ரேல் கோல்டயமண்ட் எண்ட உளவியல்காரரின்ர வழியைச் சொல்லுறன். 1965இல அவர் எழுதின கட்டுரையில, முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிற ஒரு புருசன் வாறான். சிணுங்காத எண்டு அவர் சொல்லேல்லை. விரும்பினமட்டும் சிணுங்கு, ஆனால் கராஜில இருக்கிற இந்த முக்காலியில இருந்துதான் சிணுங்க வேணும் எண்டு சொன்னார். பழக்கம் குறைஞ்சுபோச்சு. 1983இல பொர்கோவெக் எண்ட உளவியல்காரரும் கூட ஆய்வு செய்தவையும் கவலைக்கும் இதைச் செய்து பாத்தவை: தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணித்தியாலம். நீர் சாப்பாட்டுக்கு முதல் விறாந்தைக் கதிரையில இருந்து குழுவைப் பாரும், அங்கயே கந்தோர்க் கவலையையும் படும். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதையும். சார்ஜரைக் குசினியில கொழுவும்.

இனி முக்கியமான ஒண்டு. ரெண்டு கிழமை எழுதினால், கொப்பியில உம்மட கையில இல்லாத வரிகள் தெரியத் தொடங்கும். பின்னேரம் மூண்டரைக்கு வந்து "இண்டைக்கே வேணும்" எண்டு நிக்கிற தரவு, ஒருத்தரும் மாறாமல் நீரே நிக்கிற கவுண்டர். வேலை அழுத்தத்தை ஆராய்ஞ்ச றொபேட் கராசெக் 1979இல காட்டினது இதைத்தான்: வேலைப்பளு கூட, முடிவெடுக்கிற அதிகாரம் குறைய, அங்கதான் ஆக்கள் உடைஞ்சு போயினம். இதுக்கு உம்மட சுயபரிசோதனை மருந்தில்லை. "பொறுத்துப் போ பிள்ளை" எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம், நான் சொல்ல மாட்டன். அந்த வரிகளை மட்டும் ஒரு தாளில திகதியோட எழுதி நிர்வாக உத்தியோகத்தரிட்டக் கொண்டுபோம். "எனக்குக் கஷ்டமா இருக்கு" எண்டு கேக்காதையும். "கவுண்டரை ஆள் மாறி ஆள் பாக்கலாமோ, தரவுக் கோரிக்கை மத்தியானத்துக்கு முதல் வரலாமோ" எண்டு கேளும். ரெண்டில ஒண்டு கிடைச்சாலும் லாபம்.

நித்திரை இல்லாமல் கிழமைக்கணக்கில போனாலோ, இருந்து என்ன எண்டு ஒரு எண்ணம் வந்தாலோ, கொப்பியைப் பாத்துக்கொண்டிருக்காதையும். போதனா வைத்தியசாலையின்ர உளநலப் பகுதிக்குப் போம், நான் கூட வாறன். ராவிலயெண்டால் 1926க்கு அடியும், அது தேசிய மனநல நிறுவகத்தின்ர உதவி இலக்கம்.

கொப்பியை லாச்சியில வைச்சிட்டு வராதையும், ஆரும் எடுத்து வாசிப்பினம். கைப்பையில வையும். நான் வாற சனிக்கிழமை அங்கால வருவன், எழுதினமட்டும் எடுத்து வையும்.

அன்போட,
அக்கா