40 கிராம் பொட்டலத்துக்கு என்ன செலவு? குமரி ஆட்சியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போதைப்பொருள் தடுப்புக்கான மாவட்டக் குழுவின் தலைவர் தாங்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை வழக்கு, எத்தனை கிலோ என்று கேட்கும்போது, ஒரு சின்ன வழக்குக்கு அரசுப் பணம் எவ்வளவு போனது என்றும் கேளுங்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு பையனின் சட்டைப்பையில் 40 கிராம் கஞ்சா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 50-ஆம் பிரிவுப்படி முதலில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லவில்லையென்றால், அந்தச் சோதனையில் கிடைத்ததை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. உச்ச நீதிமன்றம் 2010-இலேயே கறாராகச் சொல்லிவிட்டது. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். சாட்சி தேட வேண்டும். எடை போட்டு, அரக்கு சீல் வைத்து, எஃப்.ஐ.ஆர். போட்டு, மருத்துவப் பரிசோதனை முடித்து, குழித்துறை கோர்ட்டில் ஆஜர்படுத்தி, ரிமாண்டு ஆனால் நாகர்கோவில் ஜெயில்வரை வழிக்காவல். 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கை. ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு பகல் இதிலேயே நின்றால் மூன்று ஆள்நாள் போய்விடும். விசாரணை வாய்தாக்களுக்கு அலைவது தனி.

இதற்கு மேல், ஆய்வகச் சோதனைக்கு மாதிரி எடுப்பதில் ஒரு சிக்கல். அந்தச் சட்டத்தின் 2022 விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது 24 கிராம் வீதம் இரண்டு எடுக்க வேண்டும். மொத்தமே 48 கிராம் ஆகிறது. பொட்டலத்தில் இருப்பதோ 40. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஓட்டையை விடமாட்டார். காய்ந்த இலை, தண்டு, விதை எல்லாம் சேர்த்து நிறுத்துவது இன்னொரு தவறு. பூ, காய்த் தலைப்புதான் சட்டப்படி கஞ்சா. அந்தத் தலைப்போடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. எடை ஒரு கிலோவைத் தாண்டினால் உச்சபட்ச தண்டனை ஓராண்டிலிருந்து பத்தாண்டுக்குத் தாவிவிடும் என்பதால் இது அற்ப விஷயமல்ல.

இவ்வளவும் எதற்கு? ஒரு கிலோ வரைக்கும் உச்சபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் முழுவதும் வசூலானாலும் மேலே சொன்ன செலவில் எந்த மூலைக்கு? அதே எஸ்.ஐ. அந்தப் பகலில் ஆரல்வாய்மொழியில் லாரிகளையோ, நாகர்கோவில் ஜங்ஷனில் வடக்கேயிருந்து வரும் ரயில்களையோ பார்த்திருக்கலாம். மூட்டை அங்கேதான் வருகிறது.

விற்பவனை விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றத்துக்குக் கைது கட்டாயமில்லை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி நோட்டீஸ் போதும். போதைப்பொருள் சட்டம் 36ஏ(5)-இன்படி சுருக்க விசாரணையில் முடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அதே சட்டத்தின் 64ஏ பிரிவு: சிறிய அளவோடு சிக்கிய அடிமைப்பட்டவர் தானே முன்வந்து அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்து முடித்தால் அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. இந்தப் பிரிவை எத்தனை வீட்டாரிடம் யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பதினெட்டு, இருபது வயதில் ரிமாண்டுக்குப் போகிறவனின் அம்மாவுக்கு ஜாமீன் என்ற சொல் மட்டும்தான் தெரிகிறது. எங்களுக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்த வழக்குகளை மட்டும் தனியாக எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள்நாள், வண்டி எரிபொருள், ஜெயிலில் இருந்த நாள், வாய்தா எண்ணிக்கை, முடிவு என்ன, விடுதலை என்றால் எந்தப் பிரிவில் கோட்டைவிட்டார்கள் என்று எழுதட்டும். 64ஏ பற்றி ஒரு பக்கத் தமிழ் நோட்டீஸ் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒட்டப்பட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு எந்தக் கிழமை, எந்த நேரம் வரவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட நீதிமன்றங்களில் இந்த வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்