லைவ் லினக்ஸ்: குறுந்தட்டு தரும் உறுதியைப் பென்டிரைவ் தருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டதை ஒட்டி, பழைய கணினிகளைத் தூக்கி எறியாமல் லினக்ஸ் என்னும் மாற்று இயங்குதளத்துக்கு மாற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கணினியில் எதையும் நிறுவாமல், லைவ் முறையில், அதாவது குறுந்தட்டிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நேரடியாக, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்ற அதன் அறிவுரை மிகச் சரியானது. ஆனால், லைவ் இயங்குதளம் படிக்க மட்டுமே இயலும் ஊடகத்திலிருந்து இயங்குவதால், பென்டிரைவில் வைத்து ஓட்டினாலும் அதற்குள் வைரஸ் நுழையவே முடியாது என்றும், வங்கிக் கணக்கைக் கவலையின்றிக் கையாளலாம் என்றும் கட்டுரை முடிந்திருப்பது சரியல்ல. குறுந்தட்டு இருந்த காலத்தில் உண்மையாக இருந்த ஒன்றைப் பென்டிரைவுக்கும் அப்படியே சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கல்லூரிக் கணினி ஆய்வகம் ஒன்றைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எந்த இயங்குதளமும் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். நிகழ்வுப் பதிவுகள், பயனரின் அமைப்புகள், உலாவி சேமித்துவைக்கும் பக்கங்கள், தற்காலிகக் கோப்புகள் என எழுதுவதற்கு இடம் இல்லாவிட்டால் அது திரையைக்கூட ஒழுங்காகக் காட்டாது. அப்படியிருக்க, ஒரு முறை பதிந்தபின் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாத குறுந்தட்டிலிருந்து அதை ஓட்டுவது எப்படி என்பதுதான் இந்தத் துறையின் மூலக் கேள்வி. 1992இல் வெளிவந்த இக்ட்ராசில் லினக்ஸ் இதற்கான முதல் முயற்சிகளுள் ஒன்று. அன்றைய கணினிகளுக்குக் குறுந்தட்டிலிருந்து துவங்கவே தெரியாது என்பதால் கூடவே ஒரு ஃபிளாப்பியும் தேவைப்பட்டது. 1995இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட எல் டொரிட்டோ என்ற வரையறைதான் அந்தத் தடையை நீக்கியது. குறுந்தட்டில் தரவுகள் 2,048 பைட் கொண்ட செக்டர்களாகப் பதியப்படுகின்றன. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. 17ஆம் எண் செக்டரில் ஒரு துவக்கக் குறிப்பை வைத்துவிட்டால், கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸ் அதைப் படித்து, அது சுட்டும் இடத்திலிருந்து துவக்க நிரலை எடுத்துக்கொள்ளும்.

அதன்பின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். துவக்க நிரல் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது: ஒன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், மற்றொன்று அதற்குத் துணையாக வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு கோப்புத் தொகுப்பு. இந்தத் தொகுப்பு முழுவதும் நினைவகத்திலேயே இருப்பதால், வட்டு எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்கு இன்னும் தெரியாத நிலையிலும் அதனால் வேலை செய்ய முடிகிறது. கணினியில் இணைக்கப்பட்டுள்ள கருவிகளை அது ஒவ்வொன்றாகத் தேடி, தான் வந்த ஊடகம் எது என்பதைக் கண்டுபிடித்து, அதிலுள்ள பெரிய கோப்பைத் திறக்கிறது. லினக்ஸின் வெளியீடுகளான டெபியனில் ‘லைவ்’ என்ற அடைவிலும் உபுண்டுவில் ‘காஸ்பர்’ என்ற அடைவிலும் இருக்கும் அந்தக் கோப்புதான், சுருக்கி அடைக்கப்பட்ட முழு இயங்குதளம். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஏறத்தாழ 2 ஜிபி அளவுள்ள மென்பொருள்களை 700 எம்பி குறுந்தட்டில் இவ்வாறு அடைத்துக் காட்டிய பிறகே லைவ் முறை உலகெங்கும் பரவியது. இன்று அந்தச் சுருக்கும் வேலையைச் செய்யும் ஸ்குவாஷ்எஃப்எஸ், 2009இல் லினக்ஸ் கெர்னலின் பகுதியாகவே சேர்க்கப்பட்டது. ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பைத் திறந்து படிக்கலாமே தவிர, திறந்த நிலையில் அதற்குள் இருப்பதை மாற்றி எழுத அதில் வழியே இல்லை.

எழுதும் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்பதே இதில் மிகவும் சுவையான பகுதி. தொடக்க கால நாப்பிக்ஸ், எழுத வேண்டிய இடங்களை மட்டும் நினைவகத்துக்கு மாற்றி, மற்றவற்றுக்குக் குறுக்கிணைப்புகளை வைத்துச் சமாளித்தது. 2005இல் அது, அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் யூனியன்எஃப்எஸ் முறைக்கு மாறியது. 2014 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.18இல் அதே வகையான ஓவர்லேஎஃப்எஸ் என்ற முறை கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அச்சடித்த வரைபடத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்து அதன்மீது கோடு போடுவதைப் போன்றது இது: கீழே மாற்ற முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ், மேலே நினைவகத்தில் ஒரு வெற்று அடுக்கு, பயனர் காண்பதோ இரண்டும் சேர்ந்த தோற்றம். கீழடுக்கில் உள்ள கோப்பு ஒன்றில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் முழுக் கோப்பும் முதலில் மேலடுக்குக்கு நகலெடுக்கப்பட்டு, அந்த நகலே மாற்றப்படுகிறது. கீழடுக்கில் உள்ள கோப்பை அழித்தால், உண்மையில் எதுவும் அழிவதில்லை; அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்று மேலடுக்கில் ஓர் அடையாளம் மட்டும் வைக்கப்படுகிறது. லைவ் முறையில் இடம் போதவில்லை என்று முன்பே இருக்கும் மென்பொருள்களை நீக்குபவர்களுக்கு ஓர் அங்குல இடமும் கூடுதலாகக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

மேலடுக்கு நினைவகத்தில் இருப்பதால் கணினியை அணைத்ததும் அது மறைந்துவிடுகிறது. பெரும்பாலும் அதற்கு மொத்த நினைவகத்தில் பாதி வரை ஒதுக்கப்படும் என்பதால், 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய கணினியில் ஒரு திரைப்படத்தைத் தரவிறக்கினாலே இடம் தீர்ந்துபோகும். கட்டுரை இதைச் சொல்லியிருந்தால் வாசகர்கள் வீணாகக் குழம்ப மாட்டார்கள். குறுந்தட்டிலிருந்து ஓட்டும்போது வேகம் குறைவு என்ற குறை பென்டிரைவில் பெரிதாக இல்லை. முழு இயங்குதளத்தையும் தொடக்கத்திலேயே நினைவகத்துக்கு நகலெடுத்துவிட்டு ஊடகத்தைக் கழற்றிவிடும் ‘டுராம்’ என்ற வசதியும் பல வெளியீடுகளில் உண்டு. நினைவகம் தாராளமாக இருக்கும் கணினிக்கு அதுவே சிறந்தது.

இனி பிழைக்கு வருகிறேன். ஒரு முறை மட்டுமே எழுதக்கூடியதும், மேலும் எதையும் சேர்க்க முடியாதபடி பதிந்து மூடப்பட்டதுமான குறுந்தட்டில் எழுத முடியாது என்பது ஒரு பௌதிக உண்மை. கணினியில் இருக்கும் எந்த மென்பொருளும், அது எவ்வளவு கெட்டதாக இருந்தாலும், அதை மீற முடியாது. பென்டிரைவில் எழுத முடியாது என்பதோ மென்பொருள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. முழு வட்டின் நகலாகத் தரவிறக்கக் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் பதியும்போது, குறுந்தட்டுக்கான ஐஎஸ்ஓ 9660 வடிவமே அதிலும் பதிகிறது. அந்த வடிவம் முதல் 16 செக்டர்களை, அதாவது 32,768 பைட்டுகளை, பயன்படுத்தாமல் விட்டிருப்பதால் அந்த இடத்தில் வன்தட்டுக்குரிய துவக்கப் பதிவு ஒன்றைச் சாமர்த்தியமாக வைத்து, ஒரே கோப்பை வட்டிலும் பென்டிரைவிலும் துவங்கும்படி செய்திருக்கிறார்கள். லினக்ஸில் ஐஎஸ்ஓ 9660 வடிவத்துக்கு எழுதும் நிரலே இல்லாததால் பயனர் எதையும் அங்கே சேமிக்க முடிவதில்லை. ஆனால் அந்த வடிவத்தைத் தாண்டி, பென்டிரைவையே நேரடியாகத் தொடும் உரிமை, நிர்வாகியான ரூட் பயனருக்கு உண்டு. பெரும்பாலான லைவ் வெளியீடுகளில் கடவுச்சொல் கேட்காமலேயே அந்த உரிமை யாருக்கும் கிடைத்துவிடும். எனவே லைவ் முறையில் ஓடும்போது உள்ளே வந்த தீய நிரல் ஒன்று, முனைந்தால், பென்டிரைவில் உள்ள இயங்குதளத்தையே மாற்றி வைத்துவிட்டுப் போகலாம். அதே பென்டிரைவை வேறு கணினியில் செருகினால் அங்கிருந்தும் அதை மாற்றலாம்.

கணினி துவங்கும்போது காவல் செய்யும் ‘செக்யூர் பூட்’ வசதி இதைத் தடுக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். அது துவக்க நிரலின் கையொப்பத்தையும் கெர்னலின் கையொப்பத்தையும் சரிபார்க்கிறது. இயங்குதளம் முழுவதும் அடங்கிய அந்தப் பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை அது பார்ப்பதில்லை. சில வெளியீடுகள் துவங்கும்போது தம் கோப்புகளைத் தாமே சரிபார்த்துக்கொள்கின்றன. பதிவில் பழுது நேர்ந்திருந்தால் அது பயன்படும். சரிபார்ப்புக்கான பட்டியலும் அதே பென்டிரைவில் இருப்பதால், திட்டமிட்டு மாற்றுபவரை அது தடுக்காது. எழுதக்கூடிய ஊடகத்திலும் மென்பொருளைக் கொண்டே உறுதியான காவலை அமைக்க முடியும் என்பதற்கு நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்பேசியே சான்று. அதன் சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமே இயலுமாறு திறக்கப்படுவதோடு, படிக்கும் ஒவ்வொரு துண்டும் கையொப்பமிட்ட கணக்கோடு ஒப்பிடப்படுகிறது. 2012இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த டிஎம்-வெரிட்டி என்ற வசதி அந்த வேலையைச் செய்கிறது. மேசைக் கணினிகளுக்கான வழக்கமான லைவ் வெளியீடுகளில் இத்தகைய ஏற்பாட்டைக் காண்பது அரிது.

எஸ்டி அட்டையின் ஓரத்தில் இருக்கும் சிறு பூட்டை நம்பலாமா என்றால், அதுவும் பாதி நம்பிக்கைதான். அட்டையின் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கு அந்தப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. செருகப்படும் கருவி அதைப் பார்த்து மதித்து நடந்துகொண்டால் உண்டு. குறுந்தட்டுக்கும் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும்: பப்பி லினக்ஸ் என்னும் வெளியீட்டில், மூடப்படாத வட்டில் ஒவ்வொரு முறையும் புதிய அமர்வாக மாற்றங்களைச் சேர்த்து எழுதும் வசதி இருந்தது. ஆகவே, வட்டு என்பதால் மட்டுமல்ல, மூடப்பட்ட வட்டு என்பதால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

ஊடகத்தைப் பற்றிய பேச்சில் கணினியின் வன்தட்டை மறந்துவிடக்கூடாது. லைவ் முறையில் ஓட்டினால் வன்தட்டில் எதுவும் மாறாது என்று பலர் நம்புகிறார்கள். பயனர் தொடாதவரை பெரும்பாலும் மாறாது என்பதே சரி. கோப்பு மேலாளரில் ஒரு முறை சொடுக்கினால் விண்டோஸின் கோப்புகள் எழுதும் உரிமையுடன் திறந்துகொள்ளும். வன்தட்டில் லினக்ஸின் ஸ்வாப் பகுதி (நினைவகம் போதாதபோது பயன்படும் இடம்) இருந்தால், கேட்காமலேயே அதைப் பயன்படுத்திக்கொண்ட லைவ் வெளியீடுகளும் உண்டு. குற்றப் புலனாய்வில் வன்தட்டை ஆராய்பவர்களுக்காக, எதையும் தானாகத் திறக்காத, ஸ்வாப்பைத் தொடாத தனிப் பயன்முறை ஒன்றை ‘காலி லினக்ஸ்’ (Kali) என்னும் வெளியீடு வைத்திருப்பதே வழக்கமான பயன்முறையில் அந்த உறுதி இல்லை என்பதைக் காட்டும்.

வங்கிப் பரிவர்த்தனைக்கு லைவ் வட்டைப் பயன்படுத்தும் அறிவுரை புதியதல்ல. 2009இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் கணினிப் பாதுகாப்புப் பத்தியும் சிறு நிறுவனங்களுக்கு இதையே பரிந்துரைத்தது. விண்டோஸைக் குறிவைத்து எழுதப்பட்ட திருட்டு நிரல்கள் லினக்ஸில் ஓடாது என்பதும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் துவங்குவதால் நேற்றைய தொற்று இன்று இருக்காது என்பதும் அதற்கான காரணங்கள். இரண்டும் இன்றும் பொருந்தும். ஆனால் ஓர் அமர்வுக்குள், அதாவது துவக்கியதிலிருந்து அணைக்கும் வரை, நினைவகத்தில் எது வேண்டுமானாலும் குடியேறலாம். ஆகவே, கண்ட தளங்களையெல்லாம் பார்த்துவிட்டு அதே அமர்வில் வங்கித் தளத்துக்குப் போகாமல், கணினியை மறுபடி துவக்கி முதல் வேலையாக அதை முடிப்பதே முறை. மேலும், மாற்ற முடியாத ஊடகத்தில் பாதுகாப்பு ஓட்டைகளும் மாறாமல் இருக்கும். இரண்டாண்டுகளுக்கு முன் பதிந்த வட்டில் இருப்பது இரண்டாண்டுப் பழைய உலாவி. அதன் ஓட்டைகள் இன்று உலகறிந்தவை. வட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

பதிவதற்கு முந்தைய படி இன்னும் முக்கியமானது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்னும் வெளியீட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 பதிப்பின் சின்னமன் வெளியீட்டுக்கான இணைப்பைத் தாங்கள் கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கோப்பை எவ்வளவு நல்ல வட்டில் பதிந்தாலும் கள்ளக்கதவும் சேர்ந்தே பதியும். தரவிறக்கிய கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவது அவசியம்தான். ஆனால் கோப்பை மாற்றியவர் பக்கத்திலுள்ள எண்ணையும் மாற்ற முடியும் என்பதால், அந்த எண்களின் பட்டியலில் உருவாக்குநர்கள் இட்டிருக்கும் மின்கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி, பழைய கணினியில் லினக்ஸை நிறுவுவது பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் பென்டிரைவைப் பற்றிய வரியைத் திருத்தி, கையொப்பம் சரிபார்க்கும் முறையைப் படங்களுடன் வெளியிட்டால், நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முறையாக முயலும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். குறுந்தட்டு இயக்கி இன்னும் வேலை செய்கிற பழைய கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அத்தகையோர் வங்கி வேலைக்கு மட்டுமாவது மூடப்பட்ட டிவிடியையே பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்